பனியன் துணியில் லோகோ: துவைத்ததும் சுருங்குகிறது. நூலை மாற்றுவதா, பேப்பரை மாற்றுவதா?

ஈரோடு_தையல்:

வணக்கம். வீட்டில் ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷின், 4க்கு 4 இன்ச் ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) வைத்திருக்கிறேன். பிளவுஸ் கை, முதுகு, சுடிதார் கழுத்து என்று போட்டுக்கொண்டிருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. இப்போது ஒரு பேக்கரி ஊழியர்களுக்கு சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. காலர் வைத்த பிக்கே (மேடு பள்ளமாகப் பின்னிய பனியன் துணி) டீ-சர்ட், பாதி வெள்ளை, பாதி மெரூன். இடது மார்பில் வட்ட லோகோ, கீழே கடைப் பெயர், அதற்கும் கீழே பொடியாக ‘ஈரோடு’.

மாதிரிக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஹூப்பில் இருக்கும்வரை அழகாகத்தான் இருந்தது. கழற்றியதும் வட்டத்தைச் சுற்றித் துணி அலை அலையாக நின்றது. துவைத்துக் காயப்போட்டால் இன்னும் மோசம், லோகோ சுருங்கிக் குழிந்துவிட்டது. ஊர்ப் பெயர் துணிக்குள் புதைந்துவிட்டது. ‘ரோ’வின் கொம்பில் சுழி அடைத்துப்போய் வெறும் நூல் கட்டியாகத் தெரிகிறது.

மேலே 40 நம்பர் ரேயான் நூல், பாபினில் (கீழ் நூல் சுற்றும் சின்ன உருளை) சாதாரண தையல் பாலியஸ்டர் நூல், துணிக்குப் பின்னால் தாங்கலுக்குக் கிழிக்கிற பேப்பர் இரண்டு மடிப்பு, ஊசி சாதா 75/11 சைஸ். டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். “பாலியஸ்டர் நூல் போடுங்க, சரியாயிடும்” என்கிறார் கடைக்காரர். உண்மையா?

கோன்_கடை:

பாலியஸ்டருக்கு மாறுங்கள், ஆனால் காரணம் வேறு. பேக்கரி சீருடை தினமும் எண்ணெய், சாக்லேட் கறையோடு வரும். வெள்ளைச் சட்டைக்கு ப்ளீச் போடாமல் விடமாட்டார்கள். ரேயானுக்கு மினுமினுப்பு உண்டு, பிளவுஸுக்கு அதை அடிக்க வேறு நூல் இல்லை என்பது என் கட்சி. ஆனால் நனைந்தால் அதன் வலு குறையும், குளோரின் ப்ளீச் பட்டால் நிறமும் போகும். பாலியஸ்டர் இரண்டையும் தாங்கும்.

சுருக்கம் போவது மட்டும் நூலால் நடக்காது. நூலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பாபினையும் கவனியுங்கள். சாதாரண தையல் நூல் நீங்கள் மேலே போடும் 40 நூல் அளவுக்கே தடிமன். மேலும் கீழும் ஒரே தடிமன் என்றால் தையல் கனத்துத் துணியை இழுக்கும். பாபினுக்கு என்றே மெல்லிய நூல் வருகிறது, 60 என்று கேளுங்கள்.

மதுரை_சிங்கர்:

அக்கா, காலருக்கு வைக்கிற கேன்வாஸை வெட்டிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். விறைப்பாக நிற்கும், செலவும் குறைவு. நான் பையில் எல்லாம் அப்படித்தான் போடுகிறேன்.

பனியன்_ஊர்:

தம்பி, பைக்கு சரி, பனியனுக்கு வேண்டாம். காலர் கேன்வாஸ் பெரும்பாலும் காட்டன். துவைத்தால் அதுவும் சுருங்கும், சில ரகத்தில் கஞ்சி போய்த் துவண்டும் விடும். சட்டை ஒரு பக்கம், கேன்வாஸ் ஒரு பக்கம் இழுத்தால் நடுவில் லோகோ என்ன ஆகும்?

ஈரோடு அக்காவுக்கு: கோளாறு பேப்பரில்தான். பிளவுஸ் துணி நெய்தது, பாவும் ஊடும் இருப்பதால் தானே நிற்கும். பனியன் பின்னியது, முழுக்கக் கண்ணி கண்ணியாக இருக்கும், எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளும். கிழிக்கிற பேப்பர் தைக்கும் நேரத்துக்கு மட்டும்தான் தாங்கும். ஊசி குத்திய ஓட்டை வழியே அது தைக்கும்போதே கிழிய ஆரம்பித்துவிடும். மிச்சத்தை நீங்கள் கிழித்து எடுக்கிறீர்கள். அப்புறம் அந்த ஆயிரக்கணக்கான தையலையும் தாங்க வெறும் பனியன் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு மடிப்பு வைத்தாலும் நான்கு வைத்தாலும் இதே கதைதான்.

நீளும் துணிக்குக் கட்-அவே என்கிற பேப்பர். கையால் கிழித்தால் கிழியாது, கத்தரியால் ஓரம் வெட்டிவிட்டு மிச்சத்தை உள்ளேயே விட்டுவிட வேண்டும். சட்டை இருக்கும்வரை அதுவும் இருக்கும். பிக்கே டீ-சர்ட்டுக்கு இரண்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 85 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 85 கிராம்), ஒரு மடிப்பு போதும். தைத்த பிறகு லோகோவைச் சுற்றி அரை இன்ச் விட்டு வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலை விட்டால் உடம்பில் குத்தும். வெட்டும்போது பேப்பரைத் தூக்கிப் பிடித்து, கத்தரி முனை சட்டையைத் தொடாமல் போகவேண்டும். இங்கே சட்டையில் ஓட்டை விழுவது பாதி இந்தக் கடைசி நிமிஷத்தில்தான்.

அடுத்தது ஹூப். பனியனை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டினீர்களா? அப்படியானால் அலை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இழுத்த நிலையில் தைத்துவிட்டு ஹூப்பைக் கழற்றினால் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. பேப்பரை மட்டும் ஹூப்பில் இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஒட்டும் ஸ்ப்ரே லேசாக அடித்து, சட்டையை இழுக்காமல் கையால் நீவி ஒட்டுங்கள். ஓரத்தில் பேஸ்டிங் தையல் (பிறகு பிரித்துவிடும் நீளத் தையல்) ஒரு சுற்று ஓடவிட்டால் நகராது. ஸ்ப்ரேயை மெஷின் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள், ஊசியிலும் பாபின் கேஸிலும் பிசுக்கு ஏறும்.

ஊசி பால் பாயிண்ட் (முனை உருண்டது) 75/11. கூர் ஊசி கண்ணியின் நூலை வெட்டும். இன்று தெரியாது, நாலு துவைப்பில் லோகோ ஓரத்தில் பொத்தல் பொத்தலாகத் தெரியும்.

டிசைன்_பஞ்சிங்:

எழுத்து புதைவது பிக்கேயின் மேடு பள்ளத்தால். நூல் பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது. மேலே தண்ணீரில் கரையும் ஷீட் ஒன்று விரித்துத் தையுங்கள், கண்ணாடித்தாள் போல இருக்கும். தைத்ததும் கிழித்துவிட்டு, மிச்சத்தை ஈரத் துணியால் தொட்டால் கரைந்துவிடும்.

ஆனால் எழுத்து எவ்வளவு உயரம்? 5 மி.மீ. என்றால் 40 நூலில் தமிழ் வராது. ஆங்கிலப் பெரிய எழுத்து அந்த அளவில் எப்படியோ தப்பித்துவிடும், நம் எழுத்தில் சுழியும் கொம்பும் இருப்பதால் உள்ளே இடைவெளியே மிஞ்சாது. 60 நூல், 65/9 ஊசி போடுங்கள். முடிந்தால் எழுத்தை 8 மி.மீ.க்கு ஏற்றச் சொல்லி வாடிக்கையாளரிடம் பேசுங்கள். பேசினால் ஒப்புக்கொள்வார்கள்.

நூல் எண்ணில் பலருக்குக் குழப்பம் வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 40 என்றால் 1 கிராம் நூல் 40 மீட்டர் வரும். 60 என்றால் அதே 1 கிராம் 60 மீட்டர். எண் ஏற ஏற நூல் மெலியும். சில கோனில் 120டி/2 என்று போட்டிருப்பார்கள். 120 டெனியர் (டெனியர் என்பது இழையின் தடிமனைச் சொல்லும் அளவு) இழை இரண்டு சேர்த்து முறுக்கியது, மொத்தம் 240 டெனியர். அதுதான் கடையில் 40 என்று விற்பது. 75டி/2 என்றால் 150 டெனியர், அது 60. கடைக்காரர் எதைச் சொன்னாலும் கோனின் அடியில் இருக்கும் சீட்டைப் பாருங்கள்.

டிசைனில் அடர்த்தி எவ்வளவு? 40 நூலுக்கு வரிக்கு வரி 0.4 மி.மீ. இடைவெளி பொதுவான கணக்கு. பிளவுஸுக்குப் போட்ட டிசைனை மெஷினில் சின்னதாக்கிப் போடாதீர்கள். பல மெஷின்கள் அளவைக் குறைக்கும், தையல் எண்ணிக்கையைக் குறைக்காது. எல்லாம் நெருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். பனியனுக்கு அடித்தையல் (மேல் தையலுக்கு முன் துணியைப் பிடித்து நிறுத்தும் தையல்) கட்டாயம், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஈரோடு_தையல்:

எல்லோருக்கும் நன்றி. கட்-அவே, பால் பாயிண்ட், பாபினில் மெல்லிய நூல், மேலே கரையும் ஷீட் எல்லாம் சேர்த்து மெரூன் சட்டையில் போட்டேன். துவைத்தும் பார்த்தாயிற்று, வட்டம் வட்டமாகவே இருக்கிறது. எழுத்தை 8 மி.மீ. ஆக்க பேக்கரி அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். 60 நூலில் ‘ரோ’வின் சுழி திறந்து தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். வெள்ளைச் சட்டையில் பின்னால் இருக்கும் பேப்பர் முன்னால் வட்ட நிழலாகத் தெரிகிறது. அப்புறம், பாபின் டென்ஷன் இப்போது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பனியன்_ஊர்:

வெள்ளைக்கும் மெல்லிய துணிக்கும் மெஷ் என்று தனி ரகம் இருக்கிறது. அதுவும் கட்-அவேதான், ஆனால் வலை மாதிரி மெலிசு, உடம்பிலும் மிருதுவாகப் படியும். ஒன்று போதாது என்று பட்டால் இரண்டாவதை 45 டிகிரி திருப்பி வையுங்கள். அதற்கு மேல் அடுக்க வேண்டியிருந்தால் டிசைன்தான் கனம், அதைக் குறைக்கச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் முழுக்க நூல் நிரப்பாமல் துணியின் வெள்ளையையே விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

டென்ஷனுக்கு ஒரு சாட்டின் கோடு (நெருக்கமான குறுக்குத் தையலால் ஆன பட்டையான கோடு) தைத்துத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், இரு ஓரமும் மேல் நூல் தெரிந்தால் சரி. பாபின் நூல் தெரியவே இல்லை என்றால் மேல் டென்ஷன் தளர்வு. முன்பக்கம் வெள்ளைப் பொட்டாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம்.

பட்டு_பார்டர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பட்டு பிளவுஸில் ஜரி நூல் போடும்போது இதே கரையும் ஷீட்டைப் பின்னால் வைக்கலாமா? ஜரி வேறு அறுந்துகொண்டே இருக்கிறது.

கோன்_கடை:

பட்டில் தண்ணீரே படவேண்டாம், கறை மாதிரித் தடம் விழும். மெல்லிய கிழிக்கிற பேப்பர் போதும், கிழிக்கும்போது தையலை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். ஹூப் தடம் விழாமலிருக்க, பேப்பரை மட்டும் ஹூப்பில் கட்டி, பட்டுத் துணியை அதன் மேல் பேஸ்டிங் போட்டு நிறுத்துங்கள். பேஸ்டிங் ஓட்டை பட்டில் மறையாது, அதனால் தையலுக்குள் போகிற துணியில் வரும்படி பாருங்கள்.

ஜரி அறுவது பெரும்பாலும் ஊசிக் கண்ணில் உரசித்தான். 90/14 ஊசி, கண் பெரியது. மேல் டென்ஷனைத் தளர்த்தி, வேகத்தைப் பாதியாக்குங்கள். கோனை மெஷினிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் முறுக்கு அவிழ்ந்து வரும்.