ஆதித்த கரிகாலன் கொலை: உத்தம சோழனைக் கூண்டில் ஏற்றலாமா?

வெண்ணாற்றான்:
காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டை நேரில் பார்த்துட்டு வந்தேன். ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்று 'துரோகிகளான' சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு அண்ணன் தம்பிங்க பேரு வரிசையா இருக்கு. கல்வெட்டு வெட்டினது ராஜராஜனோட 2ஆம் ஆட்சியாண்டு. அதுக்கு முன்னாடி சுமார் 15 வருஷம் ஆண்டது சித்தப்பா உத்தம சோழன். அதுவரைக்கும் இவங்க சொத்துல யாரும் கை வைக்கலையே, ஏன்? சோழர் வரலாறு எழுதின நீலகண்ட சாஸ்திரியே உத்தமனைச் சந்தேகப்பட்டவர்தான்.

ஏட்டுச்சுவடி:
அண்ணே, அது தீர்ப்பு இல்ல, நில விவகாரம். துரோகிகள் சொத்தை விக்கச் சொல்லி வீரநாராயண சதுர்வேதிமங்கலங்கிற பிராமணர் ஊர்ச் சபைக்குப் போன ஓலை. விற்பனை அப்ப நடந்தா பறிமுதலும் அப்பதான் நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? எங்க ஊர்ல ஜப்தி ஆன நஞ்சை ஏலத்துக்கு வர ஒரு தலைமுறை ஆச்சு.
உத்தமன்தான் ஏவினான்னா, அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு ராஜராஜன் அதிகாரி பதவி குடுப்பாரா?

வெண்ணாற்றான்:
திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் படிங்க. மக்கள் கூப்பிட்டும், சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிற வரைக்கும் எனக்கு வேண்டாம்னு அருண்மொழி, அதான் ராஜராஜன், மறுத்ததா வருது. ஆசை யாருக்கு?

ஏட்டுச்சுவடி:
அது ராஜராஜன் மகன் ராஜேந்திரன் காலத்துச் செப்பேடு. அப்பா பெருமையைப் பாட வந்தவர் வேற எப்படி எழுதுவார்? உத்தமன் மூத்த கிளை, ராஜராஜன் தாத்தாவோட அண்ணன் கண்டராதித்தர் மகன். உரிமை உள்ளவன் ஆசைப்பட்டா கொலைகாரனா? வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் இந்தப் பழியை அன்னைக்கே மறுத்தாச்சு.

தென்பாண்டிச்சிங்கம்:
எதுக்கு இவ்வளவு சுத்தணும்? வீரபாண்டியன் தலையை வாங்கினவன் கரிகாலன். ரவிதாசன் பட்டம் 'பஞ்சவன் பிரமாதிராஜன்'. பஞ்சவன்னா பாண்டியன். பழிக்குப் பழி.

வெண்ணாற்றான்:
ரவிதாசன் தம்பி பரமேசுவரன் பட்டத்தை மட்டும் நைசா விட்டுட்டீங்களே! 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. ராஜராஜன் தேவி ஒருத்தர் பேரு பஞ்சவன்மாதேவி. அவங்களும் பாண்டிய ஒற்றரா?

ஏட்டுச்சுவடி:
இதுல அண்ணன் பக்கம்தான் நான். சோழன் பேர்ல பட்டம் வாங்கினவன் வெளியாள் இல்ல.

தென்பாண்டிச்சிங்கம்:
அப்ப ஆதாயம் ராஜராஜனுக்கும்தானே? அக்கா குந்தவை...

ஏட்டுச்சுவடி:
ஐயா சாமி, போன தடவை இதை ஆரம்பிச்சுதான் திரியையே பூட்டினாங்க.
எனக்கு உறுத்துறது வேற. அந்தப் பட்டியல்ல பொண்ணு குடுத்த மாமனார், தாயோட பிறந்த மாமன், கூடப்பிறந்தவளைக் கட்டினவன்னு சம்பந்தி வரைக்கும் தேடித் தேடிக் கல்லுல பொறிச்சிருக்காங்க. ஏவினவன் பேரு மட்டும் இல்ல.

வெண்ணாற்றான்:
முன்னாடி ஆண்ட ராஜாவையே கொலைகாரன்னு கல்லுல வெட்டினா, வீட்டு மானம் என்ன ஆகுறது? அதான் விட்டுட்டாங்க.

ஏட்டுச்சுவடி:
அது உங்க ஊகம். கல்லுல இருக்கிறதைக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.