புதுப்பிப்பு: தம்பிக்கு லேசிக் சரிப்படாதாம்

மைனஸ் ஏழு பவர் உள்ள தம்பிக்கு, கண்ணாடி போடாமலிருக்கச் செய்யும் லேசர் கண் அறுவை சிகிச்சையான லேசிக் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பெங்களூரில், அல்சூர் பக்கம் ஒரு கண் மருத்துவரிடம் காட்டியாயிற்று.

பரிசோதனைக்கு முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். லென்ஸ் அழுத்தி அழுத்தி கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலத்தின், வடிவம் கொஞ்சம் மாறியிருக்குமாம், அது பழைய நிலைக்கு வந்தால்தான் அளவு சரியாகக் கிடைக்கும். அப்புறம் கார்னியாவின் மேடுபள்ளத்தைக் கலர் கலரான படமாக எடுத்தார்கள். பார்க்க மழைக்கால வானிலைப் படம் மாதிரியே இருந்தது. சராசரியாக 540 மைக்ரான் இருக்கும் கார்னியாவின் தடிமன் இவனுக்கு 470தான்.

லேசிக்கில் கார்னியாவின் மேல் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் தூக்கி, அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்குகிறார்கள். பவர் கூடக் கூடச் செதுக்கலும் கூடும். மெல்லிய கார்னியாவில் கை வைத்தால் பின்னாளில் அது முன்னால் பிதுங்கிப் பார்வையே கோணலாகும் அபாயம் உண்டு. முடியாது என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

அவர் சொன்ன மாற்று ஐசிஎல். ஐரிஸுக்கும் (கண்ணின் நிறமுள்ள பகுதி) அதன் பின்னாலிருக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே ஒரு சின்ன லென்ஸைச் செருகுவது. திசுவைச் செதுக்க வேண்டாம், தேவைப்பட்டால் வெளியே எடுக்கவும் முடியும். செலவுதான் லேசிக்கைவிட அதிகம்.

இதைச் செய்தால் பிறகு வெள்ளெழுத்து வராதா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள்: எதைச் செய்தாலும் நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும்.

ஐசிஎல் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரவில் வண்டி ஓட்டும்போது விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா?