கண் சுகமாம், ஆனால் பிள்ளை படியில தடுக்குது: முன்பள்ளியில எதைப் பார்க்கலாம்?

வாவிக்கரை:
களுவாஞ்சிக்குடிப் பக்கத்து முன்பள்ளி. பிள்ளைக்கு 4 வயது, பிறந்தது 32ஆம் கிழமையில. கண் கிளினிக்கில காட்டி, கண் சுகம், கண்ணாடி தேவையில்லை என்று எழுதி வந்திருக்கு. ஆனால் வாசல் படியைக் காலால தடவித் தடவித்தான் இறங்குது. விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள்ள சிவப்புக் கார் மேலேயே கிடந்தாலும் கண்ணில படுவதில்லை. அதையே தனியா பாயில வெச்சால் உடனே எடுக்குது. மூளை சம்பந்தமான பார்வைக் குறைபாடா? கருவி ஒன்றும் இல்லாமல் நாங்கள் எதைப் பார்க்கலாம்?

மீன்மகள்:
நீங்கள் எழுதிய இரண்டும் ஒன்றோடொன்று சேருது டீச்சர். குறைமாதப் பிள்ளைகளில மூளைக்குள்ள நீர் நிற்கும் அறைகளை ஒட்டிய வெள்ளை நரம்புப் பகுதிதான் முதலில் அடிபடும். கண்ணுக்குக் கீழே இருப்பதைப் பார்க்க உதவும் இழைகள் அந்த அறைக்கு மிகக் கிட்டப் போகுது. அதனாலதான் படி, செருப்பு, தரையில கிடக்கிற பந்து எல்லாம் தவறுது. கண்ணும் கண்ணாடிப் பவரும் சரியா இருந்தாலும் இது நடக்கும்.

கீழ்ப்பார்வையைப் பார்க்க இரண்டு பேர் வேணும். ஒருவர் பிள்ளைக்கு முன்னால ஒரு கை தூரத்தில இருந்து, தன் முகத்தைப் பார்க்க வைக்கணும். மற்றவர் பின்னால நின்று, நூலில கட்டின மஞ்சள் பந்தைக் கீழே, இடம், வலம், மேலே என்று மெதுவாக முன்னுக்குக் கொண்டு வரணும். எந்த இடத்தில கண் திரும்புது என்று முன்னால இருப்பவர் குறிக்கணும். வளையலைக் கழற்றி வையுங்கள். சத்தத்துக்குத் திரும்பினதைப் பார்த்ததாக எழுதிவிடுவது இங்கே வழமையான பிழை.

நெரிசலுக்கு, அதாவது பல சாமான் சேர்ந்து கிடந்தால் ஒன்றைப் பிரித்துக் காண முடியாததைப் பார்க்க: ஒற்றை நிறத் துணியில பிள்ளைக்குத் தெரிந்த சாமான் ஒன்று, பிறகு அதோடு 5, பிறகு 10. ஒவ்வொரு தடவையும் எடுக்க எத்தனை செக்கன் என்று எழுதுங்கள். பூப்போட்ட துணியில திரும்பச் செய்யுங்கள். கேட்ட பிறகு 10 செக்கன் வாய் திறக்காமல் காத்திருங்கள், இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் பிந்தித்தான் வரும். காலையில ஒரு தடவை, வீட்டுக்குப் போக முன்னம் இன்னொரு தடவை. களைத்தால் பார்வையும் விழும், அந்த வித்தியாசமே ஒரு தடயம்.

செங்கலடி:
ஒன்று சேர்க்கணும். "இதைப் பார்" என்று விரலால தொட்டுக் காட்டக் கூடாது. விரல் வைத்தவுடனே அந்தச் சாமான் மற்றதுகளில இருந்து பிரிந்து நிற்கும், நெரிசல் இல்லாமல் போகும், பிள்ளை பாஸ். படம் காட்டும் அட்டையிலயும் இதுதான். ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம் உள்ள லியா அட்டை (சின்னப் பிள்ளைகளின் பார்வையை அளக்கும் பட அட்டை) கிடைத்தால் 3 மீற்றரை நூல் பிடித்து அளந்து வையுங்கள். பிள்ளை பெயர் சொல்லத் தேவையில்லை, மடியில இருக்கிற அட்டையில அதே படத்தைத் தொட்டால் போதும். தனிப் படத்தில நல்லாப் பார்த்து, வரிசையில இரண்டு வரி பின்னால போனால் எழுதி வையுங்கள். ஆனால் சோம்பல் கண்ணிலயும் (சின்ன வயதில சரியாப் பார்க்கப் பழகாத கண்) அப்படி வரும், அதனால இது மட்டும் தீர்ப்பில்லை.

கண்ணில மருந்து விட்டு பவர் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கிட்டப் பார்க்கக் குவிக்கிற சக்தி குறைந்திருக்கிறதும் இப்பிள்ளைகளில அதிகம். அது தூரத்து அட்டையில தெரியாது.

கல்லடிப்பாலம்:
தாயிடம் "பார்வை எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: படி இறங்க அந்தரப்படுதா? ஓடுகிற கோழிக்குஞ்சைக் கண்ணால பிடிக்குதா? தூரத்தில வாற பஸ்ஸைக் காட்டினால் கண்டுபிடிக்குதா? துவைத்த உடுப்புக் குவியலுக்குள்ள தன் சட்டையை எடுக்குதா? படத்தைப் பார்த்துக் கீற அதிக நேரம் போகுதா? மூன்றிலோ அதற்கு மேலோ "அடிக்கடி கஷ்டம்" என்றால் அனுப்பத்தான் வேணும்.

வைத்தியருக்கு அனுப்பும் துண்டில நோயின் பெயரை எழுதாதீங்க. கண்டதையும் செக்கன் கணக்கையும் எழுதுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்து பிறந்த கிழமை, நிறை, பிறந்தவுடன் அழுததா, இரத்தத்தில சீனி இறங்கினதா, வலிப்பு வந்ததா என்பதையும் சேருங்கள். சீனி மிக இறங்கினால் பின்மூளை, அதாவது பார்வைப் பகுதி, பழுதாகலாம். குடும்பநல மாதுவுக்குக் காட்டி, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஊடாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். கண் கிளினிக்கோடு நிற்காமல் பிள்ளை வைத்தியரையும் கேளுங்கள்.

வாவிக்கரை:
முடிவு வரும் வரைக்கும் வகுப்பில ஒன்றும் மாற்றாமல் இருக்கிறதா?

மீன்மகள்:
காத்திருக்க வேணாம், நாளைக்கே மாற்றலாம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 சென்ரிமீற்றர் அகல மஞ்சள் டேப். மேசையில ஒற்றை நிறத் துணி, ஒரு நேரம் ஒரு சாமான். கீறுகிற தாளைச் சரிவுப் பலகையில நிமிர்த்தி வையுங்கள், கீழே தவறுகிறது மேலே வரும். நீங்கள் கதை சொல்லும்போது முதுகுக்குப் பின்னால இருக்கிற சுவர்ப்படங்களைக் கழற்றுங்கள். நம்ம முன்பள்ளிச் சுவரில வெள்ளை தெரிய விடமாட்டோமே, இந்தப் பிள்ளைக்கு அதுதான் பெரிய தொல்லை.