இரைப்பைப் புற்று சிங்கிள் செல் தரவு: டி செல்லுக்கு ஆக்ஸ்ஃபாஸ் மதிப்பெண் ஏன் எகிறுகிறது?

கேள்வி

வணக்கம். இரைப்பைப் புற்றுக்கட்டி, அதன் பக்கத்துச் சாதாரணத் திசு இரண்டின் சிங்கிள் செல் ஆர்என்ஏ தரவை (ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் எவ்வளவு வெளிப்படுகிறது என்ற தரவு) சூராட் என்ற மென்பொருளில் அலசிக்கொண்டிருக்கிறேன். கட்டியில் வளர்சிதை மாற்றம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா ஜீன்கள் 10%க்கு மேல் இருந்த செல்களை நீக்கிவிட்டு, கெக் தரவுத்தளத்தின் ஜீன் பட்டியல்களைக் கொண்டு, ஏயூசெல் என்ற கருவியில் ஒவ்வொரு செல்லுக்கும் மதிப்பெண் போட்டேன்.

இரண்டு விஷயம் இடிக்கிறது. சாதாரணத் திசுவில் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்களைக் கிட்டத்தட்டக் காணோம். ஆனால் அதே திசுவின் டி செல்களுக்கு (நோய் எதிர்ப்புச் செல்கள்), கட்டியின் டி செல்களைவிட ஆக்ஸ்ஃபாஸ் (மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் பாதை) மதிப்பெண் மிக அதிகம். எங்கே பார்ப்பது?

பதில் 1

10% வரம்பு இரைப்பைக்குச் சரிவராது. பெரைட்டல் செல்லின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மைட்டோகாண்ட்ரியாதான். நன்றாக உயிரோடு இருக்கும் செல்லையே செத்த செல் என்று தள்ளியிருக்கிறீர்கள். வரம்பைத் தளர்த்தி முதலில் செல்களைக் கிளஸ்டர்களாக (ஒத்த செல்களின் குழுக்களாக) பிரியுங்கள். பெரைட்டல் செல்லின் அடையாள ஜீன்களான ஏடிபி4ஏ, ஏடிபி4பி தெளிவாகத் தெரியும் கிளஸ்டரை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தனித்தனியாக வரம்பு வையுங்கள்.

பதில் 2

டி செல் சிக்கலும் பெரைட்டல் செல்களிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். திசுவைப் பிரிக்கும்போது உடைந்த செல்களின் ஆர்என்ஏ கரைசலில் மிதந்து செல்கள் தனித்தனியே அடைபடும் எல்லாத் துளிகளிலும் புகுந்துவிடும். டி செல்களில் ஜிகேஎன்1, பிஜிசி, ஏடிபி4ஏ ஆகிய இரைப்பை எபிதீலிய ஜீன்கள் தெரிகிறதா பாருங்கள். இவை டி செல்லில் இருக்க வேண்டியவை அல்ல.

இன்னொன்று, கெக்கின் ஆக்ஸ்ஃபாஸ் பட்டியலில் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த ஜீன்களோடு ஏடிபி4ஏ, ஏடிபி4பி இரண்டும் இருக்கின்றன. அவை அமில பம்ப்பின் ஜீன்கள், மூச்சுச் சங்கிலியைச் சேர்ந்தவை அல்ல. டி செல்லில் மொத்த ஆர்என்ஏவே குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலும் மதிப்பெண் ஏறும். செல் ரேஞ்சர் மென்பொருள் தரும் ரா மேட்ரிக்ஸை (வெற்றுத் துளிகளும் அடங்கிய வடிகட்டாத எண்ணிக்கை அட்டவணை) எடுத்து, கசிந்த ஆர்என்ஏவைக் கழிக்கும் சூப்எக்ஸ் கருவியை ஓட்டுங்கள். பட்டியலிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி! ஜிகேஎன்1 டி செல்களில் பரவலாகவே இருந்தது. சூப்எக்ஸ் ஓட்டிப் பட்டியலையும் திருத்தியதும் டி செல் வித்தியாசம் பெருமளவு போய்விட்டது. பெரைட்டல் செல்களும் திரும்ப வந்தன. ஆனால் எபிதீலியச் செல்களில் (இரைப்பையின் உட்படலச் செல்கள்) ஆக்ஸ்ஃபாஸ் கட்டியில் குறைவாகவே இருக்கிறது. இதை நம்பலாமா?

பதில் 2

எந்தச் செல்லோடு ஒப்பிட்டீர்கள்? பெரைட்டல் செல்களையும் சேர்த்து ஒப்பிட்டால் எந்தக் கட்டியிலும் அது குறைந்ததாகத்தான் தெரியும். கட்டி ஆன்ட்ரத்திலும் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) சாதாரணத் திசு இரைப்பையின் உடற்பகுதியிலும் எடுத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்ட்ரத்தில் பெரைட்டல் செல் குறைவு. குரோமோசோம் பகுதிகளின் நகல் மாற்றங்களைக் கணிக்கும் இன்ஃபர்சிஎன்வி கருவியை வைத்துப் புற்றுச் செல்களைப் பிரித்து, எம்யூசி5ஏசி ஜீனைக் காட்டும் சாதாரணச் சளிச் செல்களோடு ஒப்பிடுங்கள். செல்களை அல்ல, நோயாளிகளை எண்ணிக்கையாகக் கொண்டு சூடோபல்க் (ஒரு நோயாளியின் ஒரே வகைச் செல்களைக் கூட்டி ஒரே மாதிரியாக்குவது) செய்யுங்கள், அது மிக முக்கியம்.

பதில் 1

அதன் பிறகும் வித்தியாசம் நின்றால் எழுதலாம், ஆனால் "ஜீன் வெளிப்பாடு குறைவு" என்று மட்டும். லாக்டேட் உருவாக்கும் நொதியின் ஜீனான எல்டிஎச்ஏவின் ஆர்என்ஏ கூடியதால் லாக்டேட் கூடியது என்று சொல்ல முடியாது. அதற்கு அதே கட்டியின் துண்டில் லாக்டேட்டையே அளந்து பார்க்க வேண்டும்.