பறவை வந்தால் நிலம் போய்விடுமா? அழிந்துவரும் உயிர்களைக் காக்கும் சட்டம் பற்றி

கழனிவாசன்:
அழிந்துவரும் உயிர்களைக் காப்பாற்ற கடுமையான சட்டம் ஒன்றே வழி என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று ஒரே ஒரு பறவையை வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தென்கிழக்கில், பைன் காடுகளில், ரெட் காக்கேடட் மரங்கொத்தி என்றொரு சின்னப் பறவை உண்டு. மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தைத் தேடும். இது உயிருள்ள பைனில்தான் பொந்து குடையும். அதுவும் முற்றிய மரம், பெரும்பாலும் 80 வயதைத் தாண்டியது, பூஞ்சை பிடித்து நடுத்தண்டு இளகியதாக இருந்தால்தான் அதற்குத் தோது. ஒரு பொந்து முடியவே வருடக்கணக்கில் ஆகும். அப்புறம் பொந்தைச் சுற்றி ஓயாமல் கொத்திப் பிசினை வழியவிடும். குஞ்சைத் தேடி ஏறும் பாம்பை அந்தப் பிசின் தடுத்துவிடும்.

இது 1970-லேயே அமெரிக்க அரசின் அழிந்துவரும் உயிர்கள் பட்டியலில் ஏறிவிட்டது. 1973-ல் வந்த அழிந்துவரும் உயிர்களுக்கான சட்டத்தின்படி, பறவை குடியிருக்கும் மரத்தில் நிலத்துக்காரர் கைவைக்க முடியாது. அதனால் பலர் என்ன செய்தார்கள்? மரம் முற்றுவதற்குள், பறவை வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். வட கரோலினாவில் இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், பறவைக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் காடுகளில் மரங்கள் இளவயதிலேயே விழுந்ததைக் கண்டார்கள். காக்க வந்த சட்டம், நாளைக்கு வீடாகியிருக்க வேண்டிய மரத்தை வெட்ட வைத்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

1995-ல், அரசு நிலத்துக்காரர்களோடு போடும் 'சேஃப் ஹார்பர்' (பாதுகாப்பான துறைமுகம்) ஒப்பந்தம் வந்தபிறகுதான் நிலைமை மாறியது. இன்று உங்கள் நிலத்தில் எத்தனை பறவைக் குடும்பம் இருக்கிறதோ அதற்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். காட்டை நன்றாக வைத்திருந்து, அதனால் இன்னும் பறவைகள் வந்தால் புதிய தடை வராது என்ற உறுதி. 2024 அக்டோபரில் அந்தப் பறவை 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி கீழே, 'அச்சுறுத்தலில் உள்ளது' என்ற பட்டியலுக்கு வந்தது.

நீரோட்டம்:
பறவையைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நிலத்துக்காரர்கள் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? பின்னால் சட்டம் நின்றதால். தடையே இல்லாவிட்டால், தடையிலிருந்து விலக்கு தருகிறோம் என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு?

டெலிகோ அணையைப் பாருங்கள். டென்னஸியில் அணையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், விரல் நீள மீன் ஒன்று, ஸ்நெய்ல் டார்ட்டர், அங்கே இருப்பது தெரிந்தது. 1978-ல், அணை ஏறக்குறைய முடிந்த நிலையில், உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. எவ்வளவு செலவானாலும் அழிவைத் தடுக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம் என்றது தீர்ப்பு. வாக்கு இல்லாத, குரல் இல்லாத ஒரு உயிருக்காக அரசின் கையையே கட்டிப்போட்ட அந்த ஒரு நாளை நான் பெரிதாக மதிக்கிறேன். ஊக்கத்தொகையால் இது நடந்திருக்காது.

கழனிவாசன்:
அந்த மீன் தனி இனமே இல்லை என்று 2025 ஜனவரியில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்களே! ஏற்கெனவே தெரிந்த வேறொரு டார்ட்டர் மீனின் கிழக்குக் கூட்டம்தான் அது என்கிறார்கள். இதற்காகவா அத்தனை பணமும் காலமும்?

நீரோட்டம்:
படித்தேன். ஆனால் அந்த ஆற்றிலிருந்த மீன் பொய்யாகிவிடாது. இனத்துக்குள் ஒரு தனிக்கூட்டம் அழிவில் இருந்தாலும் பட்டியலில் சேர்க்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

பணம் என்றீர்கள். தீர்ப்புக்குப் பிறகு, அணைக்குச் சட்டத்திலிருந்து விலக்கு தரலாமா என்று முடிவெடுக்க அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் கொண்ட ஒரு குழுவை நாடாளுமன்றமே அமைத்தது. 1979 ஜனவரியில் அந்தக் குழு ஒருமனதாக 'வேண்டாம்' என்றது. மீனுக்காக அல்ல! மிச்சமிருந்த கொஞ்சம் வேலையை முடிக்கும் செலவுக்குக்கூட அணையின் பலன் ஈடாகாது என்பதே அவர்கள் கணக்கு. அப்படியும் அதே ஆண்டு நாடாளுமன்றம் தனி விலக்கு கொடுக்க, அணையின் மதகுகளை மூடி நீரைத் தேக்கினார்கள். மீனை வேறு ஆறுகளில் விட்டுப் பிழைக்க வைத்தார்கள், 2022-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மூழ்கிய பண்ணை நிலங்கள் திரும்பவில்லை. நிலத்துக்காரர்களின் எதிரி சட்டம் என்று சொல்வதற்கு முன், அங்கே நிலம் இழந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

கழனிவாசன்:
அந்தக் குழுவின் கணக்கு எனக்குத் தெரியாது. டெலிகோ பற்றிய என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

தாழை:
நடுவில் வருகிறேன். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு உவர்நீர் முதலை சில ஆயிரமாகக் குறைந்துவிட்டது. 1971-ல் வேட்டையைத் தடை செய்தார்கள். முதலைகள் பெருகின. ஆனால் முதலை மனிதனை அடித்துக்கொல்லும் பிராணி. பெருகப் பெருக மக்களின் பயமும் பெருகியது. அதனால் 80-களில், காட்டில் முட்டை எடுத்துப் பண்ணைகளுக்கு விற்க அனுமதித்தார்கள். நிலம் யாருடையதோ, பல இடங்களில் அது பழங்குடி மக்களுடையது, அவர்களுக்கு முட்டைக்கு இவ்வளவு என்று பணம். சதுப்பு நிலத்தில் முதலை இருப்பதே வருமானம் ஆயிற்று. இன்று அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் முதலைகள்.

கழனிவாசன், இதில் முதலில் வந்தது தடை. வருமானம் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து.

நீரோட்டம்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். முட்டைப் பணம் பேசும் அளவுக்கு முதலை மிஞ்சியிருந்ததே தடையால்தான்.

தாழை:
ஆனால் தடை மட்டும் போதும் என்றும் சொல்லாதீர்கள். மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் வாக்கிட்டா என்ற சின்னக் கடற்பாலூட்டி. செவுள் வலைக்குத் தடை இருக்கிறது, டோட்டோவாபா மீன்பிடிக்கும் தடை இருக்கிறது. அந்த மீனின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கிடைக்கும் விலைக்காக இரவில் வலை போடுகிறார்கள். வாக்கிட்டா அதில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகிறது. ஏறக்குறைய பத்துதான் மிச்சம் என்கிறார்கள். வலையை விட்ட மீனவக் குடும்பத்துக்கு நிலையான வேறு பிழைப்பு அமையவில்லை.

கழனிவாசன்:
தடை முன்னே, வருமானம் பின்னே என்ற வரிசையை ஏற்கிறேன். நான் கேட்பது இடையில் இருக்கும் வருடங்களைப் பற்றி. முதலை முட்டைக்கு அதே பருவத்தில் காசு வந்துவிடும். பைன் மரம் பொந்துக்குத் தயாராக 80 வருடம். நட்டவர் அதைப் பார்க்கமாட்டார், மகனுக்கும் வயதாகிவிடும். அத்தனை காலம் வெட்டாமல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வருடாவருடம் யார் பணம் கொடுப்பது? அதைச் சட்டத்திலேயே எழுத உங்களுக்குச் சம்மதமா, நீரோட்டம்?

நீரோட்டம்:
சம்மதம். வெட்டினால் தண்டனை என்ற வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், அதை அழித்துவிட்டு அல்ல.