புலி மரபணு விளையாட்டு: வெளிப் புலியை எப்போது உள்ளே விடுவது?

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் உயர்நிலை மாணவர்களுக்குப் புலிகளின் மரபணு வேறுபாட்டைப் பாசிமணி வைத்துச் சொல்லித்தருகிறேன். அடுத்த வகுப்பு இந்தச் சனிக்கிழமை. ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

எடுத்துக்காட்டு ஒடிசாவின் சிமிலிபால் காடு. மற்றக் காடுகளிலிருந்து துண்டுபட்டதால் அங்கே கோடுகள் தடித்துக் கலந்த ‘கரும்புலிகள்’ பெருகின. டாக்பெப் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2021இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் அது வெளியே தெரியும். மரபணு வேறுபாட்டைக் கூட்ட, 2024 இறுதியில் மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டிலிருந்து இரண்டு பெண் புலிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

பையில் ஆரஞ்சும் கறுப்புமாக 10 மணிகள்; தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒரு புலிக்கு இரண்டு மணி, அதாவது 5 புலிகள். ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போடுவோம். பத்து முறை எடுத்து, குறித்த நிறங்களின்படி பையைப் புதிதாக நிரப்பினால் அடுத்த தலைமுறை. பத்துப் பதினைந்து சுற்றில் பெரும்பாலும் ஒரு நிறம் காணாமல் போகிறது. இதுவரை சரி.

தேக்காவில் வாங்கிய பச்சை மணி இரண்டை வெளிப் புலியாக ஒரே ஒரு முறை போட்டேன். பெரும்பாலும் அது சீக்கிரமே மறைந்துவிடுகிறது. “அப்ப புலியக் கொண்டுவந்து என்ன புண்ணியம், டீச்சர்?” என்கிறார்கள். நியாயமான கேள்வி! அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் போட்டேன். பை முழுக்கப் பச்சையாகி உள்ளூர் நிறங்கள் அழிந்தன. மணிகளை 40 ஆக்கினால் எதுவும் மாறுவதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிறங்களும் நிற்க, புது நிறமும் தங்க, பையில் எத்தனை மணிகள் வைத்து, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வெளிப் புலியை விட வேண்டும்?