கருவுற்றவருக்குப் புற்றுநோய்: முடிவு யாருடையது?

வைகறை:
2012-இல் டொமினிக்கன் குடியரசில் ரத்தப் புற்றுநோயால் 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். வயிற்றில் சில வாரக் கரு. அந்நாட்டில் எந்தக் காரணத்துக்காகவும் கருக்கலைப்பு கூடாது. கருவுக்குக் கேடு வருமென்று கீமோதெரபியைத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் கருவும் கலைந்தது, அவளும் போனாள். 2022 ஜூனில் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு பல மாநிலங்கள் அந்தத் திசையில்தான் நடக்கின்றன. இதில் எந்த உயிர் பிழைத்தது?

நீள்வழி:
எல்லாச் சட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். அமெரிக்க மாநிலத் தடைகளில் தாயின் உயிருக்கு விலக்கு உண்டு. மேலும், மார்பகப் புற்றுநோய்க்கு நான்காம் மாதத்திலிருந்து டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகளைக் கொடுக்கிறார்கள். கருவிலேயே கீமோவுக்கு ஆளான குழந்தைகளின் இதயமும் அறிவு வளர்ச்சியும் இயல்பாகவே இருந்ததாக 2015-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. "முதலில் கலைத்துவிடுங்கள்" என்பது பழைய பழக்கம்.

வைகறை:
ஆறாவது வாரத்தில் நோய் தெரிந்தால்? உறுப்புகள் உருவாகும் அந்தக் காலத்தில்தான் மருந்து கருவை அதிகம் சிதைக்கும். தீவிர ரத்தப் புற்றுநோயோ நான்காம் மாதம் வரை காத்திருக்காது.

செவ்வந்தி:
புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயை இருவரும் விட்டுவிட்டீர்கள். இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் கரு தாங்காது. அமெரிக்காவின் டெக்சாஸில் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தை மீறும் மருத்துவருக்கு ஆயுள் சிறை வரை தண்டனை, குறைந்தது 1,00,000 டாலர் அபராதம், உரிமமும் பறிபோகும். விலக்கு ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஆபத்து எந்த நாளில் தொடங்குகிறது? ரத்தப்போக்கு போலப் புற்றுநோய் ஒரே இரவில் கொல்வதில்லை. இன்று தள்ளிப்போட்டது பிறகு எலும்பில் பரவி நிற்கும். மருத்துவர் முதலில் மருத்துவமனை வழக்கறிஞரைத் தேடிப் போவது இதனால்தான்.

நீள்வழி:
ஆபத்து உடனடியாக இருக்க வேண்டியதில்லை என்று 2025-இல் டெக்சாஸ் சட்டமன்றமே திருத்திவிட்டதே அம்மா. இனியும் தயங்கினால் அது சட்டத்தின் குற்றமா, மருத்துவரின் கோழைத்தனமா?

செவ்வந்தி:
சிறைக்குப் போகப்போவது நீங்கள் இல்லை என்பதால் கோழைத்தனம் என்று சுலபமாக எழுதுகிறீர்கள் ஐயா. சரி, இதைச் சொல்லுங்கள். டிராஸ்டுசுமாப் என்ற மருந்து தேவைப்படும் மார்பகப் புற்றுநோய். கர்ப்பத்தில் கொடுத்தால் பனிக்குட நீர் குறைந்துவிடும்; பிரசவம் வரை நிறுத்திவைக்க வேண்டும். மற்ற மருந்துகள் தரலாம். நோயாளி உடனே சாகப்போவதில்லை, பிழைக்கும் வாய்ப்புதான் குறையலாம். உங்கள் விலக்கில் இவர் வருவாரா?

நீள்வழி:
அங்கே என்னிடம் தெளிவான விடை இல்லை. ஐயம் வரும் இடத்தில் கருவின் பக்கம் சாய்வேன்.

வைகறை:
சாய்வது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணே சிகிச்சையைத் தள்ளிவைத்துப் பிள்ளை பெறுகிறேன் என்றால் நான் குறுக்கே பேசமாட்டேன். அவளுக்காகச் சட்டமன்றம் சாய்வதைத்தான் எதிர்க்கிறேன்.